காலியாக இருந்த பிள்ளையார்

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். கம்ப்யூட்டரைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்டால், துடைத்திருக்கிறேன் என்றுதான் சொல்லத் தெரியும். திருவொற்றியூரைத் தாண்டி எர்ணாவூர் போகிற வழியில், கப்பலுக்குப் போகிற கண்டெய்னர் பெட்டிகளை இறக்கி அடுக்கி வைக்கிற யார்டு ஒன்று இருந்தது. அங்கே பெருக்கித் துடைத்து, டீ வாங்கிக் கொடுக்கிற வேலை எனக்கு. யார்டு முழுக்கச் செம்மண் தூசியும் டீசல் வாடையும். காற்று திரும்பினால் உரக் கம்பெனி வாடை. நடுவில் ஒரே ஓர் அறை மட்டும் ஏ.சி. போட்டு, கண்ணாடிக் கதவு வைத்து, கோயில் கருவறை மாதிரிச் சில்லென்று இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நான் செருப்பே போடாதவள் என்பதால் புடவைத் தலைப்பால் பாதத்தைத் துடைத்துக்கொண்டு போவேன்.

அந்த அறையில் உட்கார்ந்திருந்தது என் மகள்.

ஆபீசில் எல்லோரும் அவளை மேடம் என்பார்கள். நாலு பேர் முன்னால் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்குக் கூச்சம். ஒருநாள் நானும் வாய் தவறி, "மேடம், டீ" என்று கிளாசை வைத்துவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்துப் பல்லைக் கடித்தாள். "ம்மா, வூட்டுக்கு வா, கீது ஒனக்கு" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அந்த நாற்காலி எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொன்னால்தான் மற்றது புரியும். யார்டுக்கு வருவதற்கு முன்னால் நான் காசிமேட்டில் கூடை எடுத்தேன். மீன் இல்லாத நாளில் இறால் உரிக்கிற ஷெட்டுக்குப் போவேன். ஐஸ் தண்ணீரில் கை ஊறி ஊறி, இறால் முள் குத்திக் குத்தி, என் விரல் நுனிகள் வெடித்துப்போய், இன்றைக்கும் நூல் துணியைத் தொட்டால் சிக்கிக்கொள்ளும். அவள் அப்பா போன படகு திரும்பி வரவில்லை. படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. அப்போது அவள் பால்வாடிக்குப் போகிற பிள்ளை. அவளும் அந்த ஷெட்டில் வந்து நிற்கக் கூடாது என்பது ஒன்றுதான் என் மனசில் இருந்தது. பன்னிரண்டு முடித்து, கம்ப்யூட்டர் கிளாஸ் போய், யார்டில் வண்டி நம்பர் டைப் அடிக்கிற பெண்ணாகச் சேர்ந்தாள். அங்கே புரோகிராம் எழுதிய அண்ணன் ஒருவர் இருந்தார், திருவொற்றியூர்க்காரர். அவர் பக்கத்தில் நின்று நின்று கற்றுக்கொண்டாள். அவர் வெளிநாட்டுக்குப் போனதும், ஆள் கிடைக்கிற வரைக்கும் என்று சொல்லி அவளை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

ஆள் கிடைக்கிற வரைக்கும். அந்த வார்த்தை எனக்குத் தொண்டையில் மாட்டிய முள்.

இரண்டாயிரம் பிறக்கப் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த நேரம் அது. மேனேஜர் அவளைக் கூப்பிட்டுச் சொன்னபோது நான் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நம்ம புரோகிராம்ல வருஷத்தைக் கடைசி ரெண்டு எண்ணா மட்டும் வச்சிருக்காங்க. தொண்ணூத்தொம்பதுக்கு அப்புறம் பூஜ்யம் பூஜ்யம் வரும். மெஷின் அதை ஆயிரத்துத் தொள்ளாயிரம்னு நினைச்சுக்கும். எங்கெங்க வருஷம் இருக்குன்னு ஒண்ணு விடாம கண்டுபிடிங்க. அப்படியே வேண்டாத குப்பையையும் எடுத்துடுங்க. காலியா கிடக்கிறது எதுவும் இருக்கக் கூடாது. இதைச் சரியா முடிச்சா உங்களை நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதறேன். ரேஷன் கார்டு ஜெராக்ஸ் ஒண்ணு தயாரா வச்சுக்குங்க. ஆனா கேட்ல வேலை ஒரு வேளை நின்னாக்கூட, மவுண்ட் ரோடு கம்ப்யூட்டர் கம்பெனிலேர்ந்து ஆள் வந்துடும். அப்புறம் நீங்க வர வேண்டாம்."

அவர் கெட்டவர் இல்லை. வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் பேசியது ரேஷன் கார்டைப் பற்றி. "ம்மா, கார்டுல நைனா பேரு இன்னும் மேலயே கீது. ஆபீஸ்ல குடுத்தா, உங்க அப்பா இன்னா வேலை பண்றாருன்னு கேப்பாங்கோ. நா இன்னாத்த சொல்றது? எடுத்துடலாம்மா." நான் சோற்றைப் போட்டேன். அந்தப் பேச்சு வருகிறபோதெல்லாம் நான் சோற்றைத்தான் போடுவேன்.

மறுநாளிலிருந்து அவள் தேட ஆரம்பித்தாள். நான் ஒரு யார்டு முழுக்கத் தேடுவது போல நினைத்துக்கொண்டேன். பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்தால் எப்போது முடியும்? மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, தரை துடைக்கிற சாக்கில் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"எவ்ளோ கீதுடி அதுக்குள்ள?"

"வண்டிக்கு ஒரு டேபிள், பெட்டிக்கு ஒரு டேபிள், கப்பலுக்கு, டிரைவருக்கு, பெட்டிக் கதவுல போடற சீலுக்குன்னு எவ்ளோவோ கீதும்மா."

டேபிள் என்று அவர்கள் சொல்வது மேஜை இல்லை, கட்டம் போட்ட அட்டவணை என்று முன்னாலேயே சொல்லியிருந்தாள்.

"அத்தனையும் நீ தெறந்து பாக்கணுமா?"

"வேணாம்மா. அதுங்கிட்டயே கேட்டா சொல்லிடும்."

"எதுங்கிட்ட?"

அவள் கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தாள். மளமளவென்று வெள்ளை எழுத்து இறங்கியது. மழை பெய்கிற மாதிரி இறங்கி நின்றது. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துச் சொன்னாள். இது டேபிளின் பெயர். இது அதில் இருக்கிற ஒரு கட்டத்தின் பெயர். அந்தக் கட்டத்தில் எண் வருமா, எழுத்து வருமா, தேதி வருமா. எத்தனை எழுத்து கொள்ளும். காலியாக விடலாமா, கூடாதா. இன்னொரு கேள்வி கேட்டால், எந்த டேபிள் என்றைக்குப் பிறந்தது, எந்த நேரத்தில் என்பது வரைக்கும் வந்தது.

"இத்த யாரு எய்தி வச்சது? அந்த அண்ணனா?"

"யாரும் எய்தலம்மா. அவுரு டேபிள் செஞ்சாரு, அவ்ளோதான். செஞ்ச ஒடனே அதுவே எய்திக்கும்."

எனக்கு அது பிடிபடவில்லை. எங்கள் கூடைகளை நினைத்துப் பார்த்தேன். காசிமேட்டில் கூடைகள் குவியலாகக் கிடக்கும். எல்லாம் ஒரே மாதிரிக் கூடை, உள்ளே ஒரே மாதிரி மீன். விளிம்பில் கட்டியிருக்கிற துணிக் கிழிசலைப் பார்த்துத்தான் யாருடையது என்று எடுப்போம். சிவப்புத் துணி ஒருத்திக்கு, லுங்கிக் கிழிசல் இன்னொருத்திக்கு. முடிச்சுப் போட்டிருந்தால் விலை முடிந்தது என்று அர்த்தம். துணி மீனைப் பற்றி ஒன்றும் சொல்லாது, கூடையைப் பற்றிச் சொல்லும். ஆனால் அதை நாங்கள்தான் கட்ட வேண்டும். கட்ட மறந்தால் அன்றைக்குச் சண்டைதான். இங்கேயோ, கூடையைக் கீழே வைத்ததும் துணி தானாக வந்து கட்டிக்கொள்கிறது என்கிறாள்.

"கலாய்க்கிறியா?"

"நம்பலியா? பாரு."

யாரும் வருகிறார்களா என்று கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, அவள் ஏதோ அடித்தாள். புதிதாக ஒரு டேபிள் செய்கிறாளாம். பெயர் என்ன வைக்க என்று கேட்டவள், நான் சொல்வதற்குள் அம்மா என்று இங்கிலீஷில் அடித்தாள். உள்ளே ஒரே ஒரு கட்டம்: கூடை. "நீ அமுக்கு" என்று என் விரலைப் பிடித்தாள். என் வெடித்த விரலை அந்த வெள்ளைப் பொத்தான் மேல் வைக்கக் கூசினேன். அவள் பிடித்து அழுத்தினாள்.

பிறகு பழைய கேள்வியை மறுபடியும் கேட்டாள். மழை மறுபடி இறங்கியது. அதில் நான் இருந்தேன். கப்பலுக்கும் வண்டிக்கும் பெட்டிக்கும் நடுவில், எழுத்து வரிசைப்படி எனக்கு உரிய இடத்தில், அம்மா. பக்கத்தில் கூடை. அந்தக் கூடையில் எத்தனை எழுத்து கொள்ளும் என்பது வரைக்கும் எழுதியிருந்தது. பிறந்த தேதி, அன்றைய தேதி. நேரம், சுவர்க் கடிகாரத்தில் இருந்த அதே நேரம். என் நிஜப் பிறந்த தேதி இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்டதுதான்.

"எடுத்துடு, எடுத்துடு! யாருன்னா பாத்துடப் போறாங்கோ" என்றேன். எனக்கு முகம் சுட்டது. அவள் சிரித்துக்கொண்டே அழித்தாள். மறுபடி கேட்டாள். நான் அங்கே இல்லை. என் இடத்தை மூடிக்கொண்டு மற்றவை நெருங்கி நின்றன.

அன்றைக்கு வேலை ஓடவில்லை. டீ வாங்கப் போகிற வழியில் எதைப் பார்த்தாலும் அதன் ஓரத்தில் துணி கட்டியிருக்கிறதா என்று பார்த்தேன்.

அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் நான் போய் நிற்பேன், அவள் காட்டுவாள். ஒருநாள் கேட் கிளார்க் பெயரில் கம்ப்யூட்டருக்குள் போய் அதே கேள்வியைக் கேட்டாள். பதில் சின்னதாக வந்தது. பாதிக்கு மேல் காணோம்.

"மீதி எங்கடி?"

"அவுரு எத்த பாக்கலாமோ அத்தான் காட்டும். மத்தது கீதுன்னே சொல்லாது."

"இல்லன்னு பொய் சொல்லுதா?"

"பொய் சொல்லலம்மா. சொல்லல, அவ்ளோதான்."

சொல்லாமல் இருப்பது எனக்குத் தெரிந்த வித்தை. ஆனால் யாரிடம் எவ்வளவு சொல்லாமல் இருப்பது என்று ஆளுக்கு ஆள் அளந்து வைத்திருக்கிற ஒன்றை நான் பார்த்ததில்லை.

இன்னொரு நாள் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கேட்கலாமா என்று துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

"ஏன்டி, எல்லா டேபிளும் இந்த லிஸ்ட்ல கீதுன்ற. இந்த லிஸ்டே ஒரு டேபிள் மாறிதானே கீது? இது எதுல கீது?"

அவள் கையை எடுத்துவிட்டு யோசித்தாள். "தெர்லயேம்மா" என்றாள். பிறகு அடித்துப் பார்த்தாள். வந்தது. அந்தப் பட்டியலின் பெயர் அந்தப் பட்டியலிலேயே, மற்ற பெயர்களோடு ஒன்றாக, பெரிய மனுஷத்தனம் எதுவும் இல்லாமல் ஒரு வரியாக நின்றது.

ஒரு தடவை எங்கள் தெருவில் ஆள் கணக்கு எடுக்க ஒரு வாத்தியார் வந்தார். அவர் குடியிருந்ததும் அதே தெருவில்தான். எல்லா வீட்டுக் கதவிலும் நம்பர் எழுதிக்கொண்டே வந்து, தன் வீட்டுக் கதவிலும் தானே எழுதி, வெளியே நின்று தன் பெயரைத் தானே கேட்டு எழுதிக்கொண்டு போனார். அப்போது பெண்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றைக்கு அந்த அறையில் எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. அவள் கையில் மயிர் குத்திட்டு நின்றதைப் பார்த்தேன்.

வருஷம் இருக்கிற இடங்களை எல்லாம் அவள் அந்தப் பட்டியலைக் கேட்டே கண்டுபிடித்து, ஒவ்வொன்றாக நாலு எண் ஆக்கினாள். கடைசியாகக் குப்பை எடுக்கிற வேலை. ஒரு சாயங்காலம் கேட் சாத்திய பிறகு, காலியாக இருக்கிற டேபிள்களைக் கேட்டாள். சோதனைக்குச் செய்து விட்டுப்போனவை சில வந்தன. அவற்றோடு ஒன்று.

அவள் திரையை உற்றுப் பார்த்தாள். "ம்மா, இங்க பாரேன். பிள்ளையாருன்னு ஒரு டேபிளு."

"இன்னா கீது அதுல?"

"ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு கட்டம். ஒரு வரி கூட இல்ல, காலி. ஆனா பொறந்த தேதி பாரு, இருக்கறதுலயே இதான் மொதல்ல பொறந்துக்கீது."

கேட் கிளார்க் சாவியை மாட்ட வந்தவர், தலையை நீட்டினார். காசிமேட்டு ஆள், வாய் ஓயாதவர். "இன்னாது, பிள்ளையாரு காலியா கீறாரா? அவருக்குத் தொப்ப கீதேம்மா, எப்பிடிக் காலியா இருப்பாரு?"

"அட, சும்மா இருபா" என்றாள் அவள். "அந்த அண்ணன் ஆரம்பத்துல கத்துக்க செஞ்சிருப்பாரு. மேனேஜர் காலியா எதுவும் இருக்கக் கூடாதுன்னுட்டாரு."

"அப்ப கரைச்சிடு. சதுர்த்திக்கு மூணாம் நாளு நாம காசிமேட்ல கரைக்கல?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அவள் கொஞ்சம் தயங்கினாள். என்னைப் பார்த்தாள். எனக்கு என்ன தெரியும்? காலிக் கூடையைக் கவிழ்த்து வைப்பதுதான் எங்கள் வழக்கம். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "பிள்ளையாரப்பா, கோச்சுக்காத" என்று முணுமுணுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். பட்டியலில் அவர் இடம் மூடிக்கொண்டது.

மறுநாள் காலையில் நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது முதல் டிரெய்லர் கேட்டுக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் கேட் கிளார்க் ஓடி வந்தார்.

"மேடம்! பாஸ் வரல மேடம்! பொத்தான அமுக்குனா இங்கிலீஷ்ல திட்டுது!"

அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. வெளியே போகிற பாஸ் வரவில்லை, உள்ளே வருகிற பாஸ் வரவில்லை, சீல் நம்பர் ஏறவில்லை, எதுவும் நடக்கவில்லை. பாஸ் இல்லாமல் ஒரு பெட்டியும் வாசலைத் தாண்டக் கூடாது. ராயபுரம் பக்கம் துறைமுகத்தில் கப்பல் காத்திருந்தது. அதற்குப் போக வேண்டிய பெட்டிகள் எங்கள் யார்டில். பார்த்துக்கொண்டிருக்கும்போதே டிரெய்லர்கள் வரிசை கட்டி, கேட்டைத் தாண்டி, எண்ணூர் ரோடு வரைக்கும் போய்விட்டன. ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது.

"இன்னா தலீவா, கம்ப்யூட்டருக்கு நாஸ்டா போடலியா?" என்று ஒரு டிரைவர் கத்தினார். "பேஜாரா பூட்ச்சிபா. கையில எய்திக் குடு, நா போறேன்!"

"கையில எய்துனா துறைமுகத்துல வுட மாட்டான், தெரியும்ல? குந்து கம்முனு!" என்றார் கேட் கிளார்க்.

மேனேஜர் வந்தார். அறைக்குள் அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். நான் டீ தட்டோடு கதவோரத்தில் நின்றேன். உள்ளே போகவும் முடியவில்லை, போய்விடவும் முடியவில்லை.

"எதையாவது அழிச்சீங்களா?"

"காலியா இருந்த டேபிள்ங்க சார். நீங்க சொன்னீங்கன்னு..."

"அதுல என்ன இருந்தது?"

"ஒண்ணுமே இல்ல சார்."

"ஒண்ணும் இல்லாததை எடுத்தா எப்படிம்மா எல்லாம் நிக்கும்?"

அவர் போனைக் கையில் எடுத்தார். மவுண்ட் ரோட்டுக்குத்தான் என்று எனக்குத் தெரிந்தது. அவள் விரல்களைப் பார்த்தேன். மெலிசான விரல், வெடிப்பு இல்லாத நுனி. ஐஸ் தொட்டி என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"சார், கொஞ்சம் டைம் குடுங்க" என்றாள். "அதுங்கிட்டயே கேட்டுப் பாத்துடறேன்."

அவர் போனைக் காதில் வைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் அடித்தாள். உன்னிடம் இருக்கிற புரோகிராம்களில் எதெது கெட்டுப்போயிருக்கிறது? பதில் இறங்கியது. கேட் பாஸ், சீல், எடை, வண்டி, எல்லாப் பெயருக்கும் பக்கத்தில் ஒரே வார்த்தை, செல்லாது என்று. நேற்று வரைக்கும் செல்லும் என்று இருந்ததாம். யாரும் வந்து மாற்றி எழுதவில்லை. தனக்கு உடம்பு சரியில்லை என்று அதுவே எழுதி வைத்திருந்தது.

பிறகு இன்னொரு கேள்வி. இந்தக் கெட்டுப்போனவை எல்லாம் எதைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன?

அந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்பதே எனக்கு அதுவரைக்கும் தெரியாது. ஒவ்வொன்றும் எதை நம்பி நிற்கிறது என்பதையும் அது எழுதி வைத்திருக்குமாம். வரிசையாக வந்தது. கேட் பாஸ் வண்டியை நம்பி, பெட்டியை நம்பி. சீல் பெட்டியை நம்பி. எல்லாவற்றிலும் வேறு வேறு பெயர். ஆனால் ஒரு பெயர் மட்டும் எல்லாவற்றிலும் வந்தது.

அவள் குரல் மாறிவிட்டது. மேனேஜர் முன்னால் பேசுகிற இங்கிலீஷும் பாஷையும் போய், வீட்டுப் பேச்சு வந்தது.

"பிள்ளையாரு சார். எல்லாமே பிள்ளையார நம்பி கீது. பக்கத்துல இன்னா மாறி பொருளுன்னு எய்தற எடத்துல, மத்ததுக்கெல்லாம் டேபிளுன்னு கீது. இதுக்கு மட்டும்... இல்லாததுன்னு கீது சார்."

மேனேஜர் குனிந்து பார்த்தார். "என்ன பிள்ளையார்? எந்தப் பிள்ளையார்?"

அவள் ஒரு புரோகிராமின் எழுத்தையே வெளியே கொண்டுவந்து காட்டினாள். அதுவும் அதற்குள்ளேயே இருந்தது. முதல் வரியில், பிள்ளையார் டேபிளுக்குப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வா என்றிருந்தது. பார்த்து ஒன்றும் செய்வதில்லை. எடுப்பதில்லை, வைப்பதில்லை. அதற்கு அடுத்த வரியில்தான் வேலை தொடங்கியது. அடுத்த புரோகிராமைத் திறந்தாள். அதே முதல் வரி. அதற்கு அடுத்ததிலும் அதே.

கேட் கிளார்க் என் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னார்: "அந்த அண்ணன் அப்பிடிதான் சார். எத்த எய்துனாலும் மேல பிள்ளையார் சுழி போட்டுட்டுதான் எய்துவாரு. பேனால இங்க் வருதான்னு பாக்கறதுக்குக் கூட சுழி போட்டுதான் ஒதறுவாரு. மெஷினுக்கு எங்க சுழி போடறதுன்னு கேட்டேன் ஒரு தபா. போட்டாச்சுன்னாரு. இதுதான் போலகீது."

இத்தனை வருஷமாக ஒவ்வொரு பெட்டியும் பிள்ளையாரை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் அந்த வாசலைத் தாண்டியிருக்கிறது. ஒருவருக்கும் தெரியாது. மெஷினுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. பிள்ளையாரை அழித்த பிறகும், அவரை நம்பி இருந்தவர்கள் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரை எடுக்காமல், இல்லாதது என்று எழுதி, அந்த இடத்தை அப்படியே வைத்திருந்தது.

இருக்கிறதை எழுதி வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். இல்லாமல் போனதை, எது இல்லாமல் போனது, யார் யாருக்கு இல்லாமல் போனது என்று எழுதி வைக்க ஓர் இடம் உண்டு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

அவள் பிள்ளையாரை மறுபடி செய்தாள். ஒரே ஒரு கட்டம், காலி. கெட்டுப்போனவற்றை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு எழுப்பினாள். முதல் பட்டியலை மறுபடி கேட்டாள். எல்லாப் பெயருக்கும் பக்கத்தில் செல்லும் என்று வந்துவிட்டது. கேட்டிலிருந்து பிரிண்டர் கரகரவென்று ஓடுகிற சத்தம் கேட்டது. அதைவிட நல்ல சத்தத்தை நான் அந்த யார்டில் கேட்டதில்லை.

"வந்துட்ச்சிபா! வண்டிய எடு, வண்டிய எடு!" என்று வெளியே கத்தினார்கள். என்ஜின்கள் ஒன்றன் பின் ஒன்றாக உறுமின.

மேனேஜர் போனைக் கீழே வைத்தார். கண்ணாடி வழியாக வண்டிகள் போவதைப் பார்த்தார்.

"கேட் நின்னுடுச்சு" என்றார்.

"ஆமா சார்" என்றாள் அவள். அவளுக்கு எழுந்து நிற்பதா உட்காருவதா என்று தெரியவில்லை.

"அடுத்த தடவை எதையாவது எடுக்கறதுக்கு முன்னாடி, அதுல என்ன இருக்குன்னு மட்டும் பார்க்காதீங்க. அதைப் பிடிச்சுக்கிட்டு என்னென்ன இருக்குன்னு கேட்டுட்டு எடுங்க." கதவு வரைக்கும் போனவர் திரும்பி, என் தட்டிலிருந்து ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். "அந்தப் பிள்ளையாரை இனி யாரும் தொடக் கூடாது."

மற்றது எதுவும் என் காதில் ஏறவில்லை. அடுத்த தடவை என்றது மட்டும் ஏறியது.

மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். "பொறந்த தேதி பாரும்மா. இன்னிக்கித் தேதி போட்டுக்கீது. எல்லாத்துக்கும் மொதல்ல பொறந்தவரு, இப்ப எல்லாத்துக்கும் சின்னவரு ஆயிட்டாரு. பழைய தேதிய இனிமே எய்த முடியாதும்மா அதுல."

"நீதான சொன்ன, அது பொய் சொல்லாதுன்னு."

இரண்டாயிரம் பிறந்தது. கேட் நிற்கவில்லை. பொங்கலுக்கு முன்னால் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கேட்டு ஆள் அனுப்பினார்கள். திருவொற்றியூர்த் தேரடி பக்கத்தில் ஜெராக்ஸ் கடைக்கு இரண்டு பேரும் போனோம். முன்னால் ஆட்கள் இருந்தார்கள். கார்டு என் கையில் இருந்தது. அவள் வாங்கித் திறந்து, முதல் பெயரின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் அப்பா பெயரை எடுக்கச் சொல்லி மனு கொடுத்துவிட்டு வரலாமா என்று நானே கேட்கலாம் என்று நினைத்தேன். பெண்ணுக்குச் சங்கடம் வேண்டாம் என்று.

எங்கள் முறை வந்தது. அவள் விரலை எடுத்தாள்.

"ம்மா, நைனா பேரு அங்கயே இருக்கட்டும்" என்றாள். "நாம ரெண்டு பேரும் அதுக்குக் கீழ தானே கீறோம்."

கடைக்காரர் கார்டை வாங்கிக் கண்ணாடியின் மேல் கவிழ்த்தார். மூடியின் ஓரத்தில் வெளிச்சம் ஒரு கோடாக நகர்ந்து போனது.